எடை நிற்கும் இடம்

அந்த அக்டோபர் மாதம் முழுக்க சிசல் இரண்டு பிராக்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஓடினாள். உள்ளே இருந்தது பழைய கறுப்பு ஸ்போர்ட்ஸ் பிரா. அதற்கு மேலே ஒரு சைஸ் பெரிய சாம்பல் நிறத்தது, தள்ளுபடியில் எடுத்தது. இரண்டையும் மாட்டி முடிப்பதற்குள் தோள்மூட்டு வலித்துவிடும். கழற்றுவது அதைவிடச் சிரமம். குளியலறைச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கைகளைத் தலைக்கு மேல் தூக்குவாள், பாதியில் மாட்டிக்கொள்ளும், முகம் துணிக்குள் இருக்க, அப்படியே கொஞ்ச நேரம் நிற்பாள். அந்த மாதிரி நேரத்தில் யாருக்கானாலும் ஒன்று சிரிப்பு வரும், இல்லை அழுகை வரும். அவளுக்கு இரண்டும் வரவில்லை. மறுபடி இழுத்துக் கழற்றிவிட்டுக் குளிக்கப் போவாள்.

அவளுக்கு முப்பத்துநான்கு வயது. எஸ்பியர்க் துறைமுகத்தில், லாரி எடைமேடையை ஒட்டிய கண்ணாடி அறையில் வேலை. மீன் தூள், மரச்சில்லு, பழைய இரும்பு, பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு என்று எதை ஏற்றிவந்தாலும் லாரி மேடையில் ஏறி நிற்க வேண்டும். அவள் எண்ணைப் படித்துச் சீட்டை ஜன்னல் வழியாக நீட்டுவாள். பதினோரு வருடமாக அதே நாற்காலி. ஓட்டுநர்களுக்கு அவளைப் பிடிக்கும். யாரையும் காக்க வைக்கமாட்டாள். அநாவசியமாக ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

அப்போது அவள் இருபது வாரக் கர்ப்பம். கணவன் க்ரெஸ்டனையும் மருத்துவச்சி நன்னாவையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. மேற்குக் கடற்கரையில் வருடத்தில் பத்து மாதம் யாரும் மழைக்கோட்டைக் கழற்றுவதில்லை என்பதால் மறைப்பது சுலபமாக இருந்தது. ஸ்கேன் படத்தைக் கையில் கொடுத்தபோது நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போய், காரின் முன்பக்கச் சின்னப் பெட்டியில் கண்ணாடிப் பனி சுரண்டும் அட்டையோடு சேர்த்து வைத்தாள். அது அங்கேயே கிடந்தது. இதயத்துடிப்பைக் கேட்க வைத்தார்கள், கேட்டாள். நிமிடத்துக்கு நூற்று ஐம்பது. எண் சரியா என்று கேட்டாள். சரிதான் என்றார்கள். எடைச்சீட்டு வாங்கிக்கொண்ட ஓட்டுநரைப் போல எழுந்து வந்துவிட்டாள்.

"ஓடலாமா?" என்று மட்டும் நன்னாவிடம் கேட்டிருந்தாள்.

"பேசிக்கிட்டே ஓட முடியுற வரைக்கும் ஓடுங்க. பேச முடியலன்னா நடங்க."

"நான் ஓடும்போது பேசமாட்டேனே."

"அப்ப பாடுங்க," என்றாள் நன்னா, கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே.

இது இரண்டாவது கர்ப்பம். இரண்டு வருடங்களுக்கு முன்னால் முதல் குழந்தை, முப்பத்தொன்றாவது வாரத்தின் இரண்டாம் நாள், வயிற்றிலேயே அசைவில்லாமல் போனது. பெண் குழந்தை. ஆக்னெஸ் என்று பெயர் வைத்து அடக்கம் செய்தார்கள். காரணம் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அதற்கு எல்லோரும் அவளைத் தயார்ப்படுத்தியிருந்தார்கள்: பிரசவம் எப்படி இருக்கும், குழந்தையைப் பார்க்கலாமா, தூக்கலாமா, எவ்வளவு நேரம் கூட வைத்திருக்கலாம் என்று. அவள் தயாராக இல்லாதது மூன்றாம் நாளுக்குத்தான். வீட்டில் மத்தியானம் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தபோது பால் வந்தது. பால் நிற்பதற்குக் கொடுத்த மாத்திரையை அவள் வாந்தி எடுத்திருந்தாள். தொலைபேசியில் கேட்டபோது நர்ஸ் ரொம்பத் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"இறுக்கமா ஒரு பிரா போட்டுக்குங்க. தூங்கும்போதும் கழட்டாதீங்க. குளிர்ந்த துணி வைங்க. பிழிஞ்சுடாதீங்க, அப்புறம் இன்னும் ஊறும். கேக்கறவங்க இல்லைன்னா அது தானா நின்னுடும்."

வீட்டில் இருந்ததிலேயே இறுக்கமானது ஓடும்போது போடும் கறுப்பு ஸ்போர்ட்ஸ் பிராதான். பதினோரு நாள் அதையே போட்டிருந்தாள். பன்னிரண்டாம் நாள் நின்றது. துவைத்துக் காயப்போட்டாள். அடுத்த மாதம் அதையே போட்டுக்கொண்டு ஓடப் போனாள். அதை நினைவுப் பொருளாக எடுத்து வைக்கவும் இல்லை, தூக்கி எறியவும் இல்லை. ஓடுவதற்கு ஒன்று வேண்டும், அது இருந்தது.

"பால் நின்னப்போ வேற ஏதோவும் சேந்து நின்னுடுச்சு," என்று ஒருமுறை க்ரெஸ்டனிடம் சொன்னாள்.

"என்னது?"

"தெரியல. அது இருந்தாத்தான தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஓடுவார்கள். கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நான்கு பெரிய வெள்ளைச் சிலைகளில் தொடங்கி, கரையோரமாகவே பக்கத்து ஊரான யேர்திங் வரைக்கும் போய்த் திரும்புவது வழக்கம். சிசல் எப்போதும் முன்னால் போகிறவள். அந்த ஞாயிறு அவள் கடைசியில் வந்தாள். அவளுக்கு முன்னால் விபெக்கா ஓடிக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயது; ஊருக்குள் நாய்களுக்கு முடிவெட்டும் கடை வைத்திருக்கிறவள்; வாய் ஓயாமல் பேசுவாள்.

"என்னடி இன்னிக்கு என் பின்னாடியே வர்ற? என் அழகைப் பாக்கவா?"

"எதிர்க்காத்து."

"காத்து எனக்கும்தான் அடிக்குது. எனக்கு உன்னைவிட அகலம் வேற."

சிசலுக்கு மூச்சு முழுதாக உள்ளே போகவில்லை. இரண்டு பட்டைகளும் சேர்ந்து விலாவை இறுக்கின. இருந்தும் மார்பு ஆடியது. ஒவ்வோர் அடிக்கும் தோளிலிருந்து ஏதோ கீழே இழுத்தது. வலித்தது. வலி அவளுக்குத் தொந்தரவாக இல்லை. வலிக்கிறது என்று தெரிகிறதே என்பதே ஒரு மாதிரி சௌகரியமாகக்கூட இருந்தது.

திரும்பி, சிலைகளைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் குழுவின் மரக்குடிசைக்கு வந்து, அதன் வாசலில் தண்ணீர் குடிப்பதற்காகக் கோட்டின் ஜிப்பை இறக்கினாள். விபெக்கா அவளுடைய டி-ஷர்ட்டையே பார்த்தாள். மார்புக்குக் கீழே, குறுக்கே, பழுப்பும் சிவப்புமாக ஒரு கோடு.

"ரத்தம்டி."

"உரசல். ஒண்ணுமில்ல."

விபெக்கா அவளைக் கையைப் பிடித்துப் பெண்கள் உடை மாற்றும் அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். "தூக்கு."

"வேணாம் விபெக்கா."

"நாள் பூரா கடிக்கிற நாய்ங்களோட மல்லுக்கட்டுறவ நான். தூக்குன்னா தூக்கு."

சிசல் கைகளைத் தூக்கினாள். வழக்கம்போலப் பாதியில் மாட்டிக்கொண்டது. விபெக்கா இழுத்தாள், ஒன்று வந்தது, அடியில் இன்னொன்று இருந்தது. அதையும் இழுத்தாள். மார்புக்கு அடியில் தோல் உரிந்து ஈரமாக இருந்தது. அதற்குக் கீழே வயிறு. விபெக்கா வாயை மூடிக்கொண்டு நின்றாள். அவள் அப்படி நின்று சிசல் பார்த்ததே ஒரே ஒரு தடவைதான், ஆக்னெஸை அடக்கம் செய்த அன்று.

"எத்தனை வாரம்?"

"இருபது."

"க்ரெஸ்டனுக்குத் தெரியுமா?"

"அவனும் அங்கதான் இருந்தான்."

விபெக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள், சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சிசல் பார்த்துக்கொண்டே நின்றாள். இவளுக்கு எப்படி இவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று நினைத்தாள்.

"சந்தோஷமா இருக்கியாடி?"

"தெரியல. இருக்கணும்ல?"

"இருக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல. ஆனா இப்படி ரெண்டு மாட்டிக்கிட்டு உரிச்சுக்கணும்னும் சட்டம் இல்ல. ஒழுங்கா ஒண்ணு வாங்கக்கூடாதா?"

"வாங்கினா பெருசா வாங்கணும். அப்புறம் அதைவிடப் பெருசா. அப்புறம்…" சிசல் முடிக்கவில்லை. விபெக்கா பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, உரிந்த இடத்தில் களிம்பு பூசினாள்.

"என்ன இது?"

"நாய்க்கு வைக்கிறது. ஆறிடும். நக்காம இரு."

அடுத்த வாரம் சிசல் கடைகளுக்குப் போனாள். பெரிய வணிக வளாகத்தில் உள்ள விளையாட்டுப் பொருள் கடையில் இருபது வயதுப் பெண் ஒருத்தி, இறுக்கமாக இருந்தால்தான் ஆடாது என்று சொல்லி நான்கைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எனக்குக் கர்ப்பம். வளர்ந்துகிட்டே போகுது."

"ஓ. அப்ப யோகாவுக்கா?"

"ஓடுறதுக்கு."

"கர்ப்பத்துல ஓடலாமா?"

"தெரியல. ஓடிட்டுத்தான் இருக்கேன்."

திரைக்குப் பின்னால் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு பத்துத் தடவை குதித்துப் பார்த்தாள். கொக்கிகளில் தொங்கிய ஹேங்கர்கள் கலகலத்தன. "உள்ள என்ன நடக்குது?" என்று பக்கத்து அறையிலிருந்து ஒரு குரல் கேட்டது. ஒன்று மார்பைத் தட்டையாக அமுக்கியது, மூச்சு நின்றது. ஒன்று மூச்சை விட்டது, மார்பையும் விட்டுவிட்டது. மற்ற இரண்டும் தோளை அறுத்தன. எதையும் வாங்காமல் வந்தாள். இணையத்தில் மூன்றை வரவழைத்தாள். அவையும் சரிப்படவில்லை. திருப்பி அனுப்பச் சோம்பலாக இருந்ததால் சமையலறை நாற்காலியில் கிடந்தன.

க்ரெஸ்டன் கடலுக்கு நடுவே நிற்கும் காற்றாலைகளைப் பழுதுபார்க்கிறவன். இரண்டு வாரம் கப்பலில், இரண்டு வாரம் வீட்டில். அந்த முறை வீட்டுக்கு வந்து, கறுத்த ரை ரொட்டியில் ஈரல் பசை தடவி வெள்ளரி ஊறுகாயை அடுக்கிக்கொண்டிருந்தவன், நாற்காலியில் கிடந்ததைப் பார்த்தான்.

"இதெல்லாம் என்ன?"

"தோத்துப்போனதுங்க."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தான். உள்ளும் புறமும் திருப்பினான். பட்டையை இரண்டு கையாலும் இழுத்து விட்டான். தையலைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான். நூறு மீட்டர் உயரத்தில் கயிற்றில் தொங்குவதற்கு முன்னால் இடுப்புக் கச்சையைப் பார்ப்பது போலத்தான் பார்த்தான்.

"இது எடையைத் தோள்ல தொங்க விடுது. தப்பு. நாங்க மேல தொங்கும்போது தோள் பட்டை எடையைத் தாங்குறதே இல்ல. அது நம்மளை நேரா வச்சுக்கறதுக்கு மட்டும். எடை நிக்க வேண்டியது கீழ, சுத்தி வர்ற பட்டையில." ஒரு விரலால் அடிப்பட்டையைத் தட்டினான். "இது இவ்ளோ ஒல்லியா இருக்கு. ரப்பரும் சோர்ந்துபோச்சு. இது எப்படித் தாங்கும்?"

"நான் காத்தாலை இல்ல."

"இல்லதான். காத்தாலைன்னா வருஷத்துக்கு ஒரு தடவை பாத்தாப் போதும்."

அவள் லேசாக மூக்கால் மூச்சுவிட்டாள். அவர்கள் வீட்டில் அந்தக் காலத்தில் அதுதான் சிரிப்பு. அவன் கை மேஜையைத் தாண்டி அவள் வயிற்றுப் பக்கம் வந்தது, பாதி வழியில் உப்புக் குப்பியைப் பிடித்துக்கொண்டது. ஐந்து மாதமாக இரண்டு பேரும் குழந்தை பிறந்த பிறகு என்று ஆரம்பிக்கும் ஒரு வாக்கியத்தைக்கூடப் பேசியதில்லை. தொட்டில் பரணில் இருந்தது. யாரும் அதை இறக்கவில்லை.

"சனிக்கிழமை கடைத்தெருவுல ஒரு உள்ளாடைக் கடைக்குப் போலாம். அளவெடுத்துத் தர்ற கடை. என் அக்கா அங்கதான் வாங்குவா. நானும் வர்றேன்."

"நீ எதுக்கு?"

"பட்டையைப் பாக்க."

கடைக்காரியின் பெயர் பெர்னிலா. நாற்பது வயது இருக்கும், குட்டையானவள், கழுத்தில் அளவு நாடா. க்ரெஸ்டனுக்கு ஒரு முக்காலியைக் காட்டினாள். அவன் இரவு உடைகளுக்கு நடுவே முழங்காலைச் சேர்த்து உட்கார்ந்துகொண்டு, ரகம் ரகமாகத் தொங்கியவற்றின் கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கத் தொடங்கினான்.

"என்ன, உங்க வீட்டுக்காரர் கடையைப் பரிசோதனை பண்றாரா?" என்று திரைக்குள் பெர்னிலா கேட்டாள்.

"அது அவன் தொழில்."

"மூச்சை முழுசா விடுங்க. விட்டீங்களா? இன்னும் கொஞ்சம் இருக்கு பாருங்க உள்ள. ம். இப்ப." நாடா விலாவைச் சுற்றி வந்தது. கை குளிர்ந்திருந்தது. உரிந்து ஆறிக்கொண்டிருந்த கோட்டை அவள் பார்த்தாள். "ரெண்டு போட்டுக்கிட்டீங்களா? நிறையப் பேர் அப்படித்தான் பண்றாங்க. ரெண்டு தப்பு சேர்ந்தா ஒரு சரி ஆகாது. நீங்க பழசிலிருந்து மூணு சைஸ் தள்ளி வந்துட்டீங்க."

அவள் கொண்டுவந்தது அழகான பொருள் அல்ல. அடர் நீலம். அடிப்பட்டை நான்கு விரல் அகலம். இரண்டு மார்பையும் சேர்த்து அமுக்காமல் தனித்தனியாக ஏந்திக்கொள்ளும் கிண்ணம். தோள் வார்கள் அகலமாக, முன்னால் ஒட்டிக் கழற்றும்படி இருந்தன. முதுகில் கொக்கி வரிசை வரிசையாக.

"சாதாரணமா வெளி வரிசையில மாட்டச் சொல்வேன். உங்களுக்கு நேர்மாறு. இப்ப உள்ள இருக்கற கடைசி வரிசையில மாட்டிக்குங்க. போகப்போக விலா விரியும். ஒவ்வொரு வரிசையா வெளிய வாங்க. அடிப்பட்டைக்குள்ள ரெண்டு விரல் போகணும், மூணாவது போகக் கூடாது. குதிங்க."

சிசல் குதித்தாள். நின்றாள். மறுபடி குதித்தாள். கால் தரையில் பட்டது தெரிந்தது; அதற்கு மேலே எதுவும் வரவில்லை. தோளில் இழுப்பு இல்லை. மூச்சு அடிவரை போனது. அவள் பத்தோடு நிறுத்தவில்லை. இருபது, இருபத்தைந்து என்று குதித்துக்கொண்டே இருந்தாள். பெர்னிலா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"எத்தனை எடுக்கணும்?"

"ஒண்ணு போதும்."

"இருங்க, இதுலயே இன்னொரு ரகம் இருக்கு." அவள் போய்க் கொண்டுவந்தாள். அதே நீலம், அதே பட்டை. கிண்ணத்தின் மேல் ஓரத்தில் ஒரு சின்னக் கிளிப்பு. பெருவிரலால் அழுத்தினாள், முன்பக்கம் திறந்து மடிந்தது. "இதுல பாலும் கொடுக்கலாம். பிறந்தப்புறம் ஓட ஆரம்பிக்கும்போது வேற வாங்க வேண்டியதில்ல."

சிசல் அந்தத் திறந்த மடிப்பைப் பார்த்தாள். அதைத் தொடவில்லை.

"வேண்டாம்."

"பிறந்தப்புறமும் ஓடுவீங்கல்ல?"

"இப்ப ஓடுறதுக்கு மட்டும்தான் வேணும்."

பெர்னிலா அவளைக் கண்ணாடியில் ஒரு நொடி பார்த்தாள். பிறகு கிளிப்பை மூடி, அதை மறுபடி ஹேங்கரில் மாட்டினாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதற்காக சிசல் பிறகு பல நாள் அவளை நினைத்துக்கொண்டாள்.

திரைக்கு வெளியே க்ரெஸ்டன் எல்லாவற்றையும் கேட்டிருப்பான். காரில் உப்பு அதிமதுர மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து அவள் பக்கம் நீட்டினான். துறைமுகம் வரைக்கும் இருவரும் சப்பிக்கொண்டே போனார்கள்.

"பட்டை நல்லா இருக்கு," என்றான்.

"ம்."

அடுத்த ஞாயிறு அவள் நடுவில் ஓடினாள். முன்னால் போக உடம்பு விடவில்லை. பின்னால் தங்க வேண்டிய அவசியமும் இல்லை. விபெக்கா பக்கத்திலேயே வந்தாள். குழுவில் மற்றவர்களுக்கு அவள் ஏற்கனவே சொல்லிவிட்டாள் என்பது யாரும் எதுவும் கேட்காததிலிருந்தே தெரிந்தது. தண்ணீர் வற்றிச் சேறு மினுமினுத்தது. பறவைகள் கூட்டமாக எழுந்து, திரும்பி, அதே இடத்தில் இறங்கின. யேர்திங்கில் காலை நீட்டி மடக்குவதற்காக நின்றபோது சிசல் சட்டென்று அசையாமல் நின்றாள்.

"என்னடி? இழுத்துக்கிச்சா?"

"இல்ல. உதைக்குது."

"இப்பவா?"

"இப்ப இல்ல, மூணு வாரமா. இப்பத்தான் சொல்றேன்."

விபெக்கா கையை நீட்டினாள். சிசல் கோட்டை விலக்கினாள். நன்னாவைத் தவிர அந்த வயிற்றை வெளியாள் ஒருவர் தொடுவது அதுவே முதல் தடவை. விபெக்கா முகம் மலர்ந்துபோனது. சிசல் தன் முகம் என்ன செய்கிறது என்று கவனித்துப் பார்த்தாள். ஒன்றும் செய்யவில்லை. காற்றில் விறைத்திருந்தது, அவ்வளவுதான்.

டிசம்பர் நடுவரை ஓடினாள்; அதற்குள் முதுகுக் கொக்கி இரண்டு வரிசை வெளியே வந்திருந்தது. அப்புறம் அடிவயிறு கனத்தது, பேசிப் பார்த்தாள், பேச முடியவில்லை, பாட வெட்கமாக இருந்தது, அதனால் நடந்தாள்.

முப்பத்தொன்றாவது வாரத்தின் இரண்டாம் நாள் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில், ஒரு திங்கட்கிழமையில் வந்தது. விடுப்பு எடுக்கச் சொல்லி மேலாளர் சொன்னார். அவள் வேலைக்குப் போனாள். அன்று மொத்தமே ஒன்பது லாரிகள். ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் இடையில் வயிற்றில் கையை வைத்து, ஓர் அசைவு வரும்வரை காத்திருப்பாள். வந்ததும் கையை எடுப்பாள். உப்பு ஏற்றிவந்த கிழவர் சீட்டை வாங்கிக்கொண்டு வயிற்றைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்க மேடையில ஏறினா காட்டுமாம்மா?"

"என்னைக் காட்டும். உள்ள இருக்கறதைக் காட்டாது. இது இருபது இருபது கிலோவாத்தான் எண்ணும்."

"அப்ப அது கணக்குலயே இல்லாத சரக்கு," என்று சிரித்துக்கொண்டே போனார்.

மூன்று மணிக்குக் கப்பலுக்குத் தொலைபேசியில் பேசினாள்.

"இன்னிக்கு என்ன நாள்னு தெரியுமா?"

"காலையிலேர்ந்து தெரியும்," என்றான் க்ரெஸ்டன். "நானே கூப்பிடப் பயந்துட்டிருந்தேன்."

"அசையுது."

"சரி."

"ஒன்பது தடவை."

"சரி."

இரண்டு பேரும் வைக்கவில்லை. அவன் பக்கம் காற்றுச் சத்தம், அவள் பக்கம் எந்திரத்தின் முனகல். பத்தாவது லாரி வருமோ என்று பார்த்தாள். வரவில்லை.

ஜனவரி முதல் வாரம் பெர்னிலாவின் கடைக்குத் தனியாகப் போனாள். கோட்டின் ஜிப் இப்போது மூடவில்லை. "முன்னாடி திறக்குறது ஒண்ணு," என்றாள்.

"மறுபடி அளவெடுக்கணும்."

"எடுங்க."

அளவெடுத்தாள். கிளிப்பை ஒரு கையால் எப்படித் திறப்பது என்று காட்டினாள், ஏனென்றால் இன்னொரு கை சும்மா இருக்காது. சிசல் நான்கைந்து தடவை திறந்து மூடினாள். விரல் சரியாகச் செய்தது.

"ரசீதை வச்சுக்குங்க, மாத்தணும்னா."

"மாத்த வேண்டாம்," என்றாள் சிசல். அன்று சாயங்காலம் பரணிலிருந்து தொட்டிலை இறக்கச் சொல்லி க்ரெஸ்டனிடம் சொன்னாள். அவன் ஏணியைத் தேடிப் போனான்.

முப்பத்தெட்டாவது வாரம் மருந்து கொடுத்து வலியை வரவழைத்தார்கள். மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு ஆண் குழந்தை பிறந்தது. "மூச்சு விடுதா?" என்று சிசல் கேட்டாள். "நீங்களே கேளுங்களேன்," என்றாள் நன்னா. அறை முழுக்க வீறிட்டு அழுதது. க்ரெஸ்டன் கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் குழந்தையை வாங்கிச் சரியாகப் பிடித்துக்கொண்டாள். பிரசவம் ஆனதும் கொண்டுவரும் வழக்கப்படி சின்னக் கொடி குத்திய தட்டில் ரொட்டியும் சீஸும் காப்பியும் வந்தபோது மூன்று துண்டு சாப்பிட்டாள். எஸ்கில் என்று பெயர் வைத்தார்கள். மூன்றாம் நாள் பால் வந்தது. இந்த முறை கேட்கிறவன் இருந்தான்.

செய்ய வேண்டியதை எல்லாம் அவள் சரியாகச் செய்தாள். நேரத்துக்குப் பால், நேரத்துக்குத் துணி மாற்றல், அந்த ஊர் வழக்கப்படி குளிரிலும் வெளியே வண்டியில் தூங்கவைத்து ஜன்னல் வழியாகப் பார்ப்பது. வீட்டுக்கு வந்து பார்த்த சுகாதாரச் செவிலி, "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டபோது, "நல்லா இருக்கேன்," என்றாள். பொய் என்று சொல்ல முடியாது. அவனைப் பார்த்தால் அழகாக இருக்கிறான் என்று தெரிந்தது, பக்கத்துவீட்டுக் குழந்தை அழகாக இருப்பது தெரிவது போல.

ஜூனில், எஸ்கிலுக்குப் பதினாறு வாரம் ஆனபோது, முதல் தடவை ஓடப் போனாள். குழந்தை வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தான். கணுக்கால் சுளுக்கியிருந்த விபெக்கா குடிசை வாசலில் அவனைப் பார்த்துக்கொண்டாள்.

"சிலை வரைக்கும் போய்ட்டு வா. இவன் எழுந்தா நான் பாட்டுப் பாடறேன்."

"பாடாத. கூப்பிடு."

நிதானமாகத்தான் ஓடினாள். உடம்பு தன்னுடையது மாதிரியும் இல்லை, வேறு யாருடையது மாதிரியும் இல்லை. சிலைகளைத் தொட்டுத் திரும்பி முக்கால்வாசி தூரம் வந்தபோது காற்று திசை மாறியது. அழுகை கேட்டது. தூரத்தில் விபெக்கா இரண்டு கையாலும் வண்டியை ஆட்டிக்கொண்டிருந்தாள். சிசல் ஓடினாள். பதினேழு வயதில் பள்ளிப் போட்டியில் ஓடியதற்கு அப்புறம் அப்படி ஓடியதில்லை. எஸ்கில் முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. மூச்சு விக்கி விக்கி வந்தது.

"எவ்வளவு நேரமா அழறான்?"

"பத்து நிமிஷம் இருக்கும். நீ முதல் தடவை ஓடுறியே, முடிச்சுட்டு வரட்டுமேன்னு…"

"போன் கையிலதான இருக்கு? ஏன் கூப்பிடல?"

"பசிதான்டி, வேற ஒண்ணும்…"

"ஏன் கூப்பிடலன்னு கேக்கறேன்!"

கடற்கரையில் நாயோடு போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் குரல் தன்னிடமிருந்து வந்தது என்று சிசலுக்கே ஒரு கணம் புரியவில்லை. தொண்டை எரிந்தது. "அவன் அழறான்! என் புள்ள அழறான், நீ பாட்டுக்கு ஆட்டிக்கிட்டு நிக்கற! பத்து நிமிஷம்! யாருடி உன்னைத் தீர்மானிக்கச் சொன்னது?"

விபெக்காவின் முகம் சிவந்தது. "மன்னிச்சுக்கடி."

"மாட்டேன்."

"சரி."

சிசல் அவனை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தாள். மடியில் போட்டு ஒரு கையால் கிளிப்பைத் திறந்ததும் அவன் அழுகையின் நடுவிலேயே கவ்விக்கொண்டான். அவளுடைய கண்ணிலிருந்து தண்ணீர் அவன் தலையில் சொட்டியது. துடைத்தாள்; மறுபடி சொட்டியது. அவளுக்கு இன்னும் கோபம்தான். விபெக்காவின் மேல், அந்தத் தாழ்ந்த குரல் நர்ஸின் மேல், காரணம் தெரியவில்லை என்று சொன்ன அத்தனை பேர் மேல். எங்கே இருந்தது இவ்வளவும் என்று தெரியவில்லை. வந்துகொண்டே இருந்தது.

வெகுநேரம் கழித்து விபெக்கா இரண்டு படி தள்ளி, கீழே உட்கார்ந்தாள்.

"இன்னும் கோவமா?"

"ஆமா."

"நான் வீட்டுக்குப் போகட்டுமா?"

"இரு," என்றாள் சிசல். "பேசாம இரு."

விபெக்கா பேசாமல் இருந்தாள். எஸ்கில் ஒரு பக்கம் குடித்து முடித்தான். சிசல் அவனை மறுபக்கத்துக்கு மாற்றினாள்.